ஐந்தைக் கேட்டு நாலை எழுதியவள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அது அரசாங்கக் காகிதங்களோடு சரி. மற்றவர்களுக்கெல்லாம் அவள் ஜெராக்ஸ் அக்கா. பேரன் பேத்தி எடுத்த பெரியவர்கூட, "ஜெராக்ஸ் அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமா?" என்றுதான் கேட்பார். ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் செருகி வைத்தது போல அந்தக் கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் பெட்டி ஒன்று, முதலாளி எப்போதாவது வந்து உட்காரும் சுழல் நாற்காலி ஒன்று. மீதி இடத்தில் அவள் நிற்பாள்.

படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால், "அம்மாவுக்கு முடியாமப் போச்சு, தம்பி தங்கச்சிங்க சின்னதுங்க" என்பாள். அதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, கேட்டவர்களும் தோண்டியதில்லை. கையெழுத்து மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. முத்து முத்தாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு அவளே நிரப்பிக் கொடுப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பரீட்சை அலுவலகத்துக் கிளார்க் ஒருவர் ஒரு நாள் கேட்டார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஒன்பதாவது, சார்." வழக்கம்போல அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பாடா! உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன்."

படிக்காததற்காக ஒருவர் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விஷயம் இதுதான். கண் தெரியாதவர்கள், கை முடியாதவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். அந்த ஆள் பத்தாவது படித்திருக்கக் கூடாது. படித்தவராக இருந்தால், சொன்னதை எழுதாமல் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவாரே! ஒன்பதாவது படித்தவள், அழகான கையெழுத்து, தேடினால் கிடைக்கிற மாதிரி ஆஸ்பத்திரி வாசலிலேயே கடை. கிளார்க்குக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று.

இப்படித்தான் வருஷா வருஷம் கடைக்கு லீவு போட்டுவிட்டு யாருக்காவது பரீட்சை எழுதப் போக ஆரம்பித்தாள். வேலையின் சட்டம் சின்னது. கேள்வியை வாசிக்க வேண்டும். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். திருப்பிப் படிக்கச் சொன்னால் படிக்க வேண்டும். யோசிக்க வேண்டியது அவர்கள் பாடு.

ஆனால் யோசனை என்ன, தண்ணீர்க் குழாயா, மூடி வைக்க? சரித்திரமும் இலக்கணமும் அவள் காதுவழியே வந்து கைவழியே போய்விட்டன. கணக்கு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அதிலும் முக்கோணம். மூன்று கோடு போட்டால் உள்ளே இத்தனை விஷயம் நடக்கிறதா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். கடையில் கறுப்பாக விழுந்து வீணான தாள்களின் பின்பக்கத்தில் முக்கோணம் போட்டுப் பார்ப்பாள். வீட்டுக்காரர் பெயின்டர். அவர் சுவரில் ஏணியைச் சாத்தினால் போதும், "ஏணி நீளம் வேற, ஏணி தொடற உயரம் வேற, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். "நான் கீழ விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான், ஏணியைப் பிடி" என்பார் அவர்.

எந்த வருஷமானாலும் அந்தப் பரீட்சையில் கூடாரக் கணக்கு ஒன்று தவறாமல் வரும். கூடாரம் என்றால் முக்கோணப் பட்டகம். இரண்டு முனையிலும் ஒரே அளவு முக்கோணம், நடுவில் நீளம். அவ்வளவுதான். முக்கோணத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கூடாரத்துக்குள் எவ்வளவு இடம் என்று வந்துவிடும். அடிப்பக்கம் ஆறு, சாய்ந்த பக்கங்கள் ஐந்து ஐந்து என்று கொடுத்திருப்பார்கள். உயரம் கொடுக்க மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். நாலு வரும். அங்கேதான் பிள்ளைகள் குப்புற விழுவார்கள். சாய்ந்த ஐந்தையே உயரம் என்று நினைத்து அரை இன்ட்டு ஆறு இன்ட்டு ஐந்து என்று சொல்வார்கள். தப்பு என்று தெரிந்தும் அதை அவள் கை அழகாக எழுதும். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, ஏதோ கொலைக்கு உடந்தையாக இருந்தவள் மாதிரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். 'நாலுன்னு மாத்தி எழுதியிருந்தா அந்தப் பிள்ளை பாஸாகியிருக்கும்' என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். எழுதியதில்லை. ஆனால் அரிப்பு இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்த நிலையில்தான் ஆப்பரேட்டர் வந்தாள்.

எதிர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஜெராக்ஸ் அக்காவைவிடச் சில வயது சின்னவள். எந்த வார்டு, எந்த டாக்டர், எந்த எண் என்று ஆஸ்பத்திரி முழுவதும் அவள் விரல் நுனியில் இருந்தது. ஆனால் வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கப் பத்தாவது பாஸ் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் பாக்கி. அதுவும் இந்த வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள். அவளுக்குப் பரீட்சை எழுதக் கிளார்க் ஜெராக்ஸ் அக்காவைக் கைகாட்டினார்.

"மேடம்" என்று இவள் ஆரம்பித்ததுமே அவள் தடுத்துவிட்டாள். "ஐயோ அக்கா, மேடம்னா எனக்குக் கூசுது. சும்மா பேசுங்க." ஆனாலும் நீங்க, வாங்க என்ற மரியாதை இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது. மத்தியான இடைவேளையில் சுவிட்ச்போர்டு அறைக்குப் போய்ப் பழைய கேள்வித்தாள்களை வாசித்துக் காட்டுவாள் ஜெராக்ஸ் அக்கா. கேள்வியை வாசிப்பதோடு சரி, சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. மேஜையில் கூடாரம் மாதிரி நிற்கும் காலண்டரைத் தடவிப் பார்த்தே ஆப்பரேட்டர் பட்டகத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள். "இதோ பாருங்கக்கா, முதுகுல தடவினா சாய்வு. உச்சியில இருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டா அது உயரம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்று அவள் சொன்னபோது ஜெராக்ஸ் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. தானே ஒரு வருஷம் கழித்துப் புரிந்துகொண்ட சங்கதி அது.

ஆனால் பயிற்சியில் அவசரப்பட்டு ஒரு தடவை, இரண்டு தடவை ஆப்பரேட்டரும் அந்த ஐந்தில் சறுக்கினாள். பிறகு "சே!" என்று தானே திருத்திக்கொண்டாள். சறுக்கியது இவள் மனதில் நின்றது. திருத்திக்கொண்டது நிற்கவில்லை. மனசு அப்படித்தான், ஈ மாதிரி புண்ணிலேயே போய் உட்காரும்.

பரீட்சை நாள். தனி அறை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. மேற்பார்வையாளர் ஜன்னலோரமாக உட்கார்ந்து பேனாவால் காது குடைந்துகொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக்கு முந்தின கேள்வியாகக் கூடாரம் வந்தது. ஜெராக்ஸ் அக்கா வாசித்தாள்: அடிப்பக்கம் ஆறு, உயரம் ஐந்து, நீளம் பத்து. வாய் வாசித்தது, மனம் வாசிக்கவில்லை. வருஷக்கணக்காக ஓதிய பாட்டு, ராகம் தெரிந்தால் போதாதா?

"அரை இன்ட்டு ஆறு இன்ட்டு அஞ்சு," என்றாள் ஆப்பரேட்டர்.

ஜெராக்ஸ் அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். போச்சு, இவளும் விழுந்தாள்! ஐந்தும் ஆறும் சேர்ந்து காதில் விழுந்தால் நாலு என்று சொல்லிப் பழகிய மண்டை அது. இந்த ஒரு கணக்கில் ஒரு வேலை போகப்போகிறது என்று நினைத்தாள். யாருக்குமே செய்யாததை, எத்தனையோ வருஷமாக அரித்துக்கொண்டிருந்ததை, அவள் கை செய்துவிட்டது. அரை இன்ட்டு ஆறு இன்ட்டு நாலு.

"பதினஞ்சு. பத்தால பெருக்கினா நூத்தம்பது. எழுதிட்டீங்களாக்கா?"

பன்னிரண்டு, நூற்றிருபது என்று எழுதி முடித்து அடிக்கோடும் போட்டிருந்தாள். "எழுதிட்டேன்."

"சரி, அடுத்தது."

அடுத்த கேள்வியை வாசிக்கும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் குமிழியிட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் ஆளைக் கரை சேர்த்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

மணி அடித்தது. மேற்பார்வையாளர் தாள்களைச் சேர்த்து நூலைக் கோத்து முடிச்சை இறுக்கினார். ஜெராக்ஸ் அக்கா கேள்வித்தாளை மடிக்கப் போனாள். அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே பார்த்தாள். கூடாரத்தின் உச்சியிலிருந்து தரைக்கு நேராகப் புள்ளிக்கோடு. அந்தக் கோட்டின் பக்கத்தில் ஐந்து. சாய்ந்த பக்கங்களில் எண்ணே இல்லை.

உயரத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆப்பரேட்டர் சொன்னது சரி. நூற்றைம்பதுதான் சரி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? முடிச்சுப் போட்ட கட்டு மேற்பார்வையாளரின் கையிடுக்கில் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னால்? ஸ்க்ரைப் தன் இஷ்டத்துக்கு எழுதினாள் என்று பதிவாகும், பரீட்சையே ரத்தாகும், ஆப்பரேட்டரை அடுத்த பரீட்சைக்கும் விட மாட்டார்கள். அதனால்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நிஜமும்தான். ஆனால் பாதிதான் நிஜம். மீதிப் பாதி வெறும் பயம். பாதி நிஜம் கலந்த சாக்கைப் போல வசதியான சாக்கு உலகத்தில் கிடையாது.

"கூடாரம் சுலபமா வந்துச்சுல்லக்கா?" என்று வெளியே வரும்போது ஆப்பரேட்டர் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் இவள்.

மார்க் வந்த அன்று ஆப்பரேட்டர் பிரம்பைத் தட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டுப் பார்த்து வாசித்துச் சொல்ல வேண்டியவளும் ஜெராக்ஸ் அக்காவேதான். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். திரையில் முப்பத்திரண்டு இருந்தது. அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாசித்தாள்.

ஆப்பரேட்டர் அழவில்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். சொன்ன விடை ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

"எப்படிப் பாத்தாலும் முப்பத்தேழு வரணும்கா. தெரியாததை எல்லாம் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். அஞ்சு மார்க்கு எங்கயோ போயிருக்கு. அந்தக் கூடாரமாத்தான் இருக்கும்." பிறகு இவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நீங்க எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கீங்க. அதுல எல்லாரும் என்ன தப்பு பண்ணுவாங்க?"

இதோ, கதவு திறந்தே இருக்கிறது. நுழைந்து சொல்லிவிடலாம். கடையில் வேறு யாரும் இல்லை. மெஷின்கூடச் சும்மா இருந்தது.

"சாய்வை உயரம்னு நினைச்சுடுவாங்கம்மா," என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

கேள்விக்கு அது சரியான பதில்தான், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை அவள் அதுவரை சொன்னதும் இல்லை.

"ஓ..." என்றாள் ஆப்பரேட்டர். "அப்ப நான் இன்னும் சரியாப் புரிஞ்சுக்கலை."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன, உப்பு மூட்டையோட சண்டையா?" என்றார். அவரிடம் மட்டும் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"நீ என்ன கெடுதலா பண்ணினே? நல்லதுக்குத்தானே செஞ்சே. மறு பரீட்சை இருக்குல்ல, அதுல பாஸாயிடுவாங்க. நீயா போய் வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே."

நல்லதுக்குத்தானே. அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவரிடம் சொன்னாளோ என்னவோ. கேட்ட பிறகு அது புளித்துப்போன மோர் மாதிரி வாயிலேயே நின்றது. வயிற்றுக்குள் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி இரக்கப்பட்டு, மறு பரீட்சை முடிவு வரும் வரைக்கும் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டார். பரீட்சை நெருங்கியது. ஒரு மத்தியானம் ஜெராக்ஸ் அக்கா சுவிட்ச்போர்டு அறையில் பழைய தாளிலிருந்து ஒரு கேள்வியை வாசித்தாள். கூடாரம்தான். அடிப்பக்கம் எட்டு, உயரம் ஆறு, நீளம் பத்து.

ஆப்பரேட்டர் நெற்றியைச் சுருக்கினாள். "ஆறு சாய்வு. எட்டுல பாதி நாலு. முப்பத்தாறுல பதினாறு போனா இருபது. இருபதுக்கு வர்க்கமூலம்..." என்று போய்க்கொண்டே இருந்தாள். நேர் வழியிருக்க, முள்ளுக்குள் நடந்து போகிற மாதிரி இருந்தது.

"கேள்வியிலேயே உயரம்னு போட்டிருக்கேம்மா," என்றாள் ஜெராக்ஸ் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"போட்டிருந்தா என்னக்கா? போன தடவையும் உயரம்னுதான் நீங்க வாசிச்சீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் அதை நம்பி அப்படியே பெருக்கினேன். மார்க் போட்டாங்களா? உயரம்னு அவங்க சொல்றதே வேற போலிருக்கு. நான் காலண்டரைத் தடவிக்கிட்டு என்னமோ புரிஞ்ச மாதிரி ஆடினேன், பாருங்க." ஆப்பரேட்டர் சிரித்தாள். "இந்தத் தடவை மாட்ட மாட்டேன்."

மார்க் போனது ஒரு பாவம். இது வேறு பாவம். இந்தப் பெண் தன் விரலால் தொட்டுத் தெரிந்துகொண்ட சத்தியத்தை இவளுடைய நாலு வந்து அழித்துக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது போதாதென்று, விதையையும் தின்றுகொண்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

போன் அடித்தது. "வணக்கம், ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டரா? இணைக்கிறேன்." பொத்தானை அழுத்திவிட்டு, "சொல்லுங்கக்கா."

"அந்தக் கூடாரக் கணக்கு..."

மறுபடியும் போன். குழந்தைகள் வார்டு. இணைத்தாள். "ம், சொல்லுங்க."

இன்னொரு மணி அடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, மாத்திரையை முழுங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்னது சரிம்மா. நூத்தம்பதுதான் சரி. நான்தான் மாத்தி எழுதினேன்."

போன் அடித்தது. ஆப்பரேட்டர் எடுத்தாள். "வணக்கம், ஆஸ்பத்திரி." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. யாரையோ ரத்த வங்கிக்கு இணைத்தாள். பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பணி நேரத்தில் அவள் அதைக் கழற்றி இவள் பார்த்ததே இல்லை.

"என்ன எழுதினீங்க?"

"உயரம் நாலுன்னு."

"நாலா? நாலு எங்க இருந்து வந்துச்சு?"

"பழைய கணக்குல இருந்து. நீங்க சாய்வைச் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன். தப்பாயிடக் கூடாதுன்னு..."

ஆப்பரேட்டரின் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. அதுதான் ஜெராக்ஸ் அக்காவால் தாங்க முடியாமல் போனது. அந்த முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு!" என்றாள். "உயரம்னா உயரம்தான்! நான் சரியாத்தான் புரிஞ்சு வச்சிருந்தேன்!"

அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிந்தது.

"ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிப்பேன்கா," என்றாள் ஆப்பரேட்டர். "யாராவது வந்து கையைப் பிடிச்சு, தரதரன்னு இழுத்துட்டுப் போய் எதிர்ப்பக்கம் விட்டுட்டு, புண்ணியம் கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு எதிர்ப்பக்கம் வேலையே இருக்காது. ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நீங்க மட்டும்தான் என்னைக் கேக்காம ஒண்ணும் செய்யாத ஆளுன்னு நினைச்சேன்."

"தப்புதாம்மா."

"எழுதினதைக்கூட விட்டுடலாம். அவசரத்துல கை செஞ்சுடுச்சு. ஆனா அன்னைக்குக் கடையில கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாளா என்னை நானே மக்குன்னு நினைக்க விட்டீங்களே. பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்களே."

மன்னிப்பு என்ற சொல் ஜெராக்ஸ் அக்காவின் வாய் வரை வந்தது. அதைக் கேட்பதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது.

"கிளம்புங்கக்கா. லைன் காத்துட்டு இருக்கு."

கடைக்கு வந்தாள். யாரோ நீட்டிய தாளைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்தாள். பரீட்சை அலுவலகத்துக் கிளார்க்கிடம் போய் இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்தாள். முடிவு செய்தாளே தவிரப் போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் ஆப்பரேட்டரின் பரீட்சைதான் முதலில் போகும். ஒரு தப்பை ஒளித்து வைத்தால், அதற்குக் காவலாக இன்னும் பத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் கடை போன் அடித்தது.

"அக்கா, நான்தான்," என்றாள் ஆப்பரேட்டர். வார்டுகளுக்கு இணைக்கும்போது பேசுகிற அதே ஆஸ்பத்திரிக் குரல். "வேற ஆள் தேடிப் பாத்தேன். கிடைச்ச பொண்ணு 'பட்டகம்'ங்கறதுக்கு எழுத்துக்கூட்டிட்டு இருக்கு, என் வேகத்துக்கு வராது. நாளைக்கு நீங்களே வாங்க. என் கோபம் போகலை, அது தனி. ஆனா ரெண்டு விஷயம். ஒவ்வொரு வரியும் எழுதினதும் திருப்பிப் படிக்கணும். நான் தப்பாச் சொன்னா, தப்பையே எழுதணும். உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் வீட்டுல வச்சுட்டு வாங்க."

"வச்சுட்டு வரேம்மா."

அதே மாதிரி அறை, வேறு மேற்பார்வையாளர். ஜெராக்ஸ் அக்கா கேள்வியை வாசித்தாள். இந்தத் தடவை வாயும் கண்ணும் மனதும் ஒன்றாக வாசித்தன. படத்தில் எது புள்ளிக்கோடு, எது முழுக்கோடு, எந்த எண் எந்தக் கோட்டின் பக்கத்தில் என்று தடவிக் காட்டுகிற மாதிரி சொன்னாள். கூடாரத்துக்குப் பதிலாக, வாசல்படியில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு ஒன்று வந்தது. அதுவும் முக்கோணப் பட்டகம்தான், ஒரு மூலை செங்கோணம். பக்கங்கள் மூன்று, நாலு, ஐந்து. நீளம் பத்து. கன அளவைச் சரியாகச் சொன்னாள் ஆப்பரேட்டர்: அறுபது. திருப்பிப் படித்ததும் தலையாட்டினாள்.

அடுத்தது அதன் மொத்தப் பரப்பு. "மூணு பக்கமும் சேத்தா பன்னண்டு. பத்தால பெருக்கினா நூத்திருபது. முக்கோணம் ஆறு. மொத்தம் நூத்தி இருபத்தாறு."

ஜெராக்ஸ் அக்காவின் பேனா நின்றது.

முக்கோணம் ஒன்று இல்லை. இரண்டு. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நூற்றி முப்பத்திரண்டு வர வேண்டும். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. படத்தைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். ஆப்பரேட்டர் சொன்னது தப்புதான், சத்தியமாகத் தப்புதான். இதில் ஒரு வேலை இருக்கிறது. தன்னால் போன மார்க்குக்கு ஈடு கட்ட இதைவிட வாய்ப்பு வருமா? ஒரு சின்ன எண். யாருக்கும் தெரியாது. இவளுக்குக் கண்ணீர் முட்டியது.

நூற்றி இருபத்தாறு என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது. திருப்பிப் படித்தாள். எந்த இடத்திலும் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. 'முக்கோணம் ஆறு' என்ற இடத்தில் அரை நொடி நிறுத்தியிருந்தால் போதும், ஆப்பரேட்டரின் காது பிடித்திருக்கும். நிறுத்தவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான ஒரு வரியை வாசித்ததில்லை.

"சரி, அடுத்தது," என்றாள் ஆப்பரேட்டர்.

முடிவு வந்து அவள் பாஸானாள், நாற்காலி அவளுக்கே நிரந்தரமாயிற்று. அது பிற்பாடு நடந்தது. பாஸாவாள் என்று யாருக்கும் தெரியாத அந்த மத்தியானம் பரீட்சைக் கூடத்து கேட்டுக்கு வெளியே நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஆப்பரேட்டர் பிரம்பை விரித்துக்கொண்டு நின்றாள். "எங்கயாவது தப்பு வந்துச்சாக்கா?"

சொல்லாமல் தப்பிக்கலாம். தெரியாது என்று சொல்லலாம், ஒன்பதாவது படித்தவள்தானே. ஜெராக்ஸ் அக்கா சொன்னாள்.

"ஒண்ணு வந்துச்சும்மா. அந்தச் சரிவுல மொத்தப் பரப்பு. முக்கோணம் ரெண்டு முனையிலயும் இருக்கு. நீங்க ஒண்ணுதான் சேத்தீங்க."

ஆப்பரேட்டர் இரண்டு கைகளையும் காற்றில் நீட்டி, இல்லாத சரிவு ஒன்றின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"ஆமா! ரெண்டு! நூத்தி முப்பத்திரண்டு!" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க என்ன எழுதினீங்க?"

"நூத்தி இருபத்தாறு."

"நான் சொன்னதையேவா?"

"நீங்க சொன்னதையேதான்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்."

ஆப்பரேட்டரின் உதட்டோரம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அப்ப இது என் தப்பு."

"உங்க தப்புதாம்மா."

"என் தப்பேதான்," என்று ஆப்பரேட்டர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஜெராக்ஸ் அக்கா அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆப்பரேட்டரின் காதுக்கு அதுவும் கேட்டது.